பிடில்காரர் இல்லாத குறை

ஒரு கேள்வி நெடுநாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ப்ளூகிராஸ் என்ற அமெரிக்கத் தந்திவாத்திய இசைக்காக நண்பர்கள் கூடி வாசிக்கும் ஜாம் ஒன்றில் ஏழு பேர் வட்டமாக நிற்கிறார்கள். பேஞ்சோ, மாண்டலின், பிடில், டோப்ரோ (இரும்புத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசிக்கும் வாத்தியம்), டபுள் பேஸ், இரண்டு கிதார். மைக் இல்லை, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லை. பேஞ்சோவும் பிடிலும் நாலு கூடாரம் தள்ளிப் படுத்திருப்பவரையும் எழுப்பிவிடும். கிதாரில் ஒவ்வொரு தந்தியாக எடுத்து வாசிக்கும் மெட்டோ எதிரில் நிற்பவர் காதுக்கே சரியாகப் போய்ச் சேராது. தனியாக வாசிக்க வந்தால் அந்த வட்டத்தில் அடங்கிப்போகிற வாத்தியம் கிதார்தான். அப்படியிருக்க, இந்த இசையில் மட்டும் எங்கிருந்து வந்தார்கள் இத்தனை கிதார் மேதைகள்? டாக் வாட்சன், ஜார்ஜ் ஷஃப்ளர், கிளாரன்ஸ் ஒயிட், நார்மன் பிளேக், டோனி ரைஸ், நம் காலத்தில் பிரையன் சட்டன், மாலி டட்டில், பில்லி ஸ்ட்ரிங்ஸ் என்று வரிசை நீள்கிறது.

திறமை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கலாம். எனக்கு அது போதவில்லை. திறமைசாலிகள் 1940களிலும் இருந்தார்கள். ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் மாண்டலின்காரர் பில் மன்றோவின் ப்ளூ கிராஸ் பாய்ஸ் குழு 1946லும் 1947லும் பதிவு செய்த பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் நடுவே பிடில் ஒரு சுற்று எடுக்கும், மாண்டலின் எடுக்கும், ஏர்ல் ஸ்க்ரக்ஸின் பேஞ்சோ எடுக்கும். கிதாருக்கு முறை வராது. லெஸ்டர் ஃப்ளாட் பாடுவார், கிதாரில் தாளம் பிடிப்பார், அதோடு சரி. இருபது ஆண்டுகளுக்குள் அந்த நிலை தலைகீழாக மாறியது. எப்படி மாறியது என்று தேடிப்போனால் எல்லா வழியும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: கிதார் முன்னுக்கு வந்த ஒவ்வொரு முறையும், அங்கே வரவேண்டிய வேறொருவர் வராமல் இருந்திருக்கிறார்.

முதலில் ரிதம்

லீட், அதாவது தனியாக மெட்டு வாசிப்பது பற்றிப் பேசும்முன் அந்தக் கிதார் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்த்துவிடுவோம். நாலு தட்டுக் கணக்கில் 1, 3 இரண்டிலும் கனத்த தந்தியில் ஒரு பேஸ் சுரம்; 2, 4 இரண்டிலும் மெல்லிய தந்திகள்மேல் ஒரு ஸ்ட்ரம், அதாவது எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மீட்டுவது. பேஸ் சுரம் டபுள் பேஸோடு சேர்ந்து விழும். ஸ்ட்ரம் மாண்டலினின் வெட்டோடு, அதாவது அது சட்டென்று அடித்து நிறுத்தும் ஒலியோடு, சேர்ந்து விழும். வட்டத்தில் இந்த இரண்டு பேரோடும் ஒரே நேரத்தில் கைகோத்து நிற்பது கிதார் மட்டுமே. பேஸும் மாண்டலினும் ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் கட்டிவைப்பது அதுதான். மன்றோ இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1940 அக்டோபரில் அட்லாண்டாவில் ‘மியூல் ஸ்கின்னர் ப்ளூஸ்’ பாடலைப் பதிவு செய்தபோது, மாண்டலினில் அவருக்கு நிகர் யாருமில்லாத அந்த மனிதர் கிதாரைத் தானே கையில் எடுத்தார். தனக்கு வேண்டிய அந்த உந்தலை வேறு கையில் விட அவருக்கு மனம் வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

லெஸ்டர் ஃப்ளாட், பிக் எனும் தட்டையான சிறு தகட்டைப் பிடித்து வாசித்தவரல்ல. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உறை மாட்டி வாசித்தவர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஜி ரன், அதாவது ஜி சுரத்தில் முடியும் சிறு சுரக்கோவை, அவருக்கு முன்பும் பிறர் கைகளில் இருந்ததுதான், ஆனாலும் பெயர் அவருக்கே நின்றது. ஆறாம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிதார்க் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தொடங்கி, ஐந்தாம் தந்தியை முதலில் அழுத்தாமலும் பிறகு முதல் ஃப்ரெட்டிலும் இரண்டாம் ஃப்ரெட்டிலும் வாசித்து, நாலாம் தந்தியை அழுத்தாமலும் அதன் இரண்டாம் ஃப்ரெட்டிலும் தொட்டு, மூன்றாம் தந்தியை வெறுமனே விட்டால் முடிந்தது. ஏழு சுரம். கடைசி ஜி அழுத்தமான தட்டில் விழவேண்டும். அரைத்தட்டு முந்தினாலும் பாடுபவரின் அடுத்த வரி இடறும். பலர் இதைப் படித்த நாளிலிருந்து எல்லா வரிக்கும் பின்னால் போடத் தொடங்கிவிடுகிறார்கள். பாட்டின் ஒரு பகுதி முடிகிறது என்று வட்டத்துக்குச் சொல்லும் அடையாளம் அது. வரிக்கு வரி போட்டால் எது முடிவு என்று யாருக்கும் தெரியாது.

வராதவர்கள் மூவர்

டாக் வாட்சன் 1923ல் வட கரோலினாவின் டீப் கேப்பில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வை போய்விட்டது. 1950களில் ஜாக் வில்லியம்ஸ் என்பவரின் நடன இசைக்குழுவில் லெஸ் பால் என்ற வகை எலக்ட்ரிக் கிதார் வாசித்துப் பிழைத்தார். ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் டான்ஸ் வேண்டும் என்று கூட்டம் கேட்கும். அதற்குப் பிடில் மெட்டுகள் வேண்டும். குழுவில் பிடில்காரர் கிடையாது. ஆகவே பிடில் மெட்டுகளை டாக் கிதாரில் வாசித்தார்.

இந்த ஒரு வரியை எல்லோரும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் குழுவில் ஒரு பிடில்காரர் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இருந்திருக்காது. பிடிலில் நாலு தந்தி, ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து சுர இடைவெளி, கை நகராமலே மெட்டு முழுவதும் விரல்களுக்குள் அடங்கும். வில்லை ஒருமுறை இழுத்தால் இரண்டு மூன்று சுரம் சேர்ந்தே வரும். கிதாரில் தந்திகளுக்கிடையே சுர இடைவெளி குறைவு, அதனால் அதே மெட்டு அடிக்கடி தந்தி மாறும். ஒவ்வொரு சுரத்துக்கும் பிக் தனியாகத் தட்டவேண்டும். நிமிடத்துக்கு 240 தட்டு வேகத்தில் வாசித்தால் ஒரு விநாடிக்கு எட்டுச் சுரம், அதாவது வலதுகை கீழே நாலு முறை, மேலே நாலு முறை போகவேண்டும். தட்டில் விழும் சுரத்துக்குக் கீழ்நோக்கி, இடையில் விழும் சுரத்துக்கு மேல்நோக்கி என்ற ஒழுங்கு ஒருமுறை பிசகினால் அடுத்த தந்திக்குத் தாவும்போது பிக் தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த ஒழுங்கை டாக் எங்கே பழகினார்? எலக்ட்ரிக் கிதாரில். மெல்லிய தந்தி, ஃப்ரெட்டுக்கு அருகே தாழ்ந்து நிற்கும் அமைப்பு, இலேசாகத் தொட்டாலே போதும்; சத்தத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். 1960ல் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ரால்ஃப் ரின்ஸ்லர் பழைய பேஞ்சோக்காரர் கிளாரன்ஸ் ஆஷ்லியைப் பதிவு செய்ய வந்து டாக்கைக் கண்டுகொண்டபோது, எலக்ட்ரிக் வேண்டாம், சாதாரணக் கிதார் எடுங்கள் என்றார். ஆம்பில் பழகிய நடை அப்படியே மரக்கிதாருக்கு வந்தது. மலைநாட்டு மரபின் தூய வடிவம் என்று மேடைகளில் கைதட்டி வரவேற்ற அந்தக் கிதார் லீட், ஒரு நடனக்கூடத்து ஆம்ப்ளிஃபயரின் பிள்ளை. அதனால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. மைக் இல்லாத வட்டத்தில் அது ஏன் திணறுகிறது என்பது மட்டும் இதனால் விளங்குகிறது.

இரண்டாவது கதை கலிஃபோர்னியாவில். கிளாரன்ஸ் ஒயிட் 1944ல் மெய்ன் மாநிலத்தில் பிறந்து பர்பாங்கில் வளர்ந்தவர். அண்ணன் ரோலண்ட் மாண்டலின், தம்பி கிளாரன்ஸ் ரிதம். 1961ல் அண்ணனை ராணுவம் அழைத்துக்கொண்டது. மாண்டலின் வாசித்த இடம் காலியானது. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸின் ஆஷ் குரோவ் அரங்கில் டாக் வாட்சன் வந்து வாசித்ததைக் கிளாரன்ஸ் கேட்டார். 1963ல் அண்ணன் திரும்பியபோது தம்பி வேறு ஆளாகியிருந்தார். 1964ல் சகோதரர்களின் கென்டக்கி கர்னல்ஸ் குழு வெளியிட்ட வாத்திய இசைத்தட்டில் கிதாரும் மாண்டலினுக்கு நிகராக மெட்டு எடுக்கிறது. டாக் தட்டின்மேல் நேராக நடப்பவர்; கிளாரன்ஸ் தட்டைத் தாண்டிப்போய் நின்று திரும்பிப் பார்ப்பவர். அழுத்தம் விழவேண்டிய இடத்தில் மௌனம் விட்டு, எதிர்பாராத இடத்தில் சுரத்தை வைப்பார்.

மூன்றாமவர் ஷஃப்ளர். ஸ்டான்லி சகோதரர்கள் என்ற ப்ளூகிராஸ் குழுவோடு 1960களின் தொடக்கத்தில் வாசித்தார். வருமானம் குறைந்த காலம். பிடில்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாத பயணங்கள். மெதுவான பாடல்களில் பாடும் வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழும். அதை நிரப்ப அவர் பக்கத்துப் பக்கத்து மூன்று தந்திகள்மேல் கீழ், கீழ், மேல் என்று பிக்கைத் தொடர்ந்து உருட்டினார். மூன்று மூன்றாக உருளும் அது எட்டில் அடங்காது. மூன்று, மூன்று, இரண்டு என்று முடித்துக்கொள்ள வேண்டும். க்ராஸ்பிக்கிங் என்று கிதார்காரர்கள் இன்று வாசிப்பதில் பெரும்பகுதி அவர் கைவழி வந்தது.

பிடில் இல்லை, மாண்டலின் இல்லை, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. கிதார் தன் குரலைக் கண்டுபிடித்தது அந்த இல்லாமைகளில்தான்.

1935ல் செய்த ஒரு கிதார்

டோனி ரைஸ் பற்றிச் சொல்லாமல் போனால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். 1960ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு வந்த ஒன்பது வயதுப் பையன், அங்கே கிளாரன்ஸ் கையிலிருந்த மார்ட்டின் டி-28 கிதாரைப் பார்த்துவிட்டு, வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டான். கிளாரன்ஸ் கொடுத்தார். அவருக்கே அப்போது பதினாறு வயதுக்குள்தான். 1935ல் செய்த அந்தக் கிதாரின் ஒலித்துளை, கிளாரன்ஸ் கைக்கு வருமுன்பே யாரோ அகலப்படுத்தியிருந்தார்கள். துளை பெரிதானால் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அதிர்வு மேலே ஏறும். அடித்தொனியின் முழக்கம் தணிந்து நடுத்தொனி தெளியும். ஒற்றைத்தந்தி மெட்டுக்கு அது கைகொடுக்கும். கிளாரன்ஸ் 1973 ஜூலையில் குடிபோதையில் வந்த கார் மோதி 29 வயதில் இறந்தார். அதற்கு முன்பே அவர் கைவிட்டுப் போயிருந்த கிதாரை டோனி ரைஸ் 1975ல் தேடிப் பிடித்து 550 டாலருக்கு வாங்கினார். 2020 கிறிஸ்துமஸ் நாளில் இறக்கும்வரை அது அவருடையதாகவே இருந்தது.

அவருடைய லீட்டை நகலெடுக்க முயன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். என்னைக் கேட்டால் அவரிடம் கற்க வேண்டியது ரிதம். 1975ல் ஜே. டி. க்ரோவின் நியூ சவுத் குழுவோடு அவர் வாசித்ததைக் கேளுங்கள். பேஞ்சோ எடுக்கும் இடங்களில் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். ஒரே மாதிரி இரண்டு ஸ்ட்ரம் அடுத்தடுத்து வராது. ஒன்று முழுதாக, ஒன்று பாதி, ஒன்று வெறும் நிழலாக. ஆனால் தட்டு ஒரு மயிரிழையும் அசையாது.

வட்டத்துக்குள் நடப்பவை

1965 செப்டம்பரில் வர்ஜீனியாவின் ஃபின்காஸ்டிலில் கார்ல்டன் ஹேனி பலநாள் ப்ளூகிராஸ் திருவிழாவை நடத்தினார். அதன்பின் திருவிழாக்கள் பெருகின. மேடைக்கு வெளியே கார் நிறுத்துமிடத்திலும் கூடாரத் திடலிலும் விடியவிடிய ஜாம் நடப்பது அவற்றின் மறுபாதியானது. கான்சஸின் வின்ஃபீல்டில் 1972 முதல் நடக்கும் விழாவில் தேசிய ஃப்ளாட்பிக்கிங் (பிக் பிடித்துக் கிதார் வாசிக்கும்) போட்டி உண்டு. ஆனாலும் கூடாரத்தை விட்டு நகராமல் அங்கேயே வாசித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் பலர். மேடையில் ஒலிபெருக்கி, வட்டத்தில் வெறும் மரம். மேடைக்காகப் பிறந்த லீட்டை வட்டத்தில் எப்படிக் கேட்கவைப்பது? மூன்று மேதைகளுக்கும் தற்செயலாகக் கிடைத்த அந்த வெற்றிடத்தை, வட்டத்தில் மற்றவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கித் தரவேண்டும்.

கிதார் முறை வந்ததும் பேஞ்சோ உருட்டலை நிறுத்தி, தந்திகளை உள்ளங்கையால் அமுக்கி 2, 4 தட்டில் மட்டும் மெதுவாகக் கிள்ளவேண்டும். பிடிலும் டோப்ரோவும் சும்மா இருந்தால் அதுவே பெரிய உதவி. மாண்டலின் வெட்டை விடக்கூடாது, சத்தத்தைப் பாதியாக்க வேண்டும். பேஸ் தன்னைத் தணித்தாலே போதும். இது எதுவும் நடக்காதபோது கிதார்காரர் செய்யும் தவறு ஒன்றுதான்: ஓங்கி அடிப்பது. தந்தி ஃப்ரெட்டில் மோதிச் சடசடக்கும், மணிக்கட்டு இறுகும், எட்டுச் சுரம் ஓடவேண்டிய விநாடியில் ஏழுதான் ஓடும், தாளம் பின்னால் தொங்கும். மெல்லிய மூன்று தந்திகளில் மெட்டை வைத்துக்கொண்டு, ஒரு அடி வட்டத்துக்குள் நகர்ந்து நிற்பது இதைவிட எவ்வளவோ மேல். பிக் 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 1.5 வரை இருக்கலாம். மெல்லிய பிக் வேகத்தில் வளைந்து சுரத்தின் தலையைத் தின்றுவிடும். தந்தி 0.013ல் தொடங்கும் மீடியம் கட்டு. பழைய தந்தி போட்டுக்கொண்டு ஜாமுக்குப் போனால் இருக்கிற கொஞ்சம் தெளிவும் போய்விடும்.

ஷஃப்ளர் விட்டுப்போன ஒரு குறிப்பும் இங்கே உதவும். வேகமான மெட்டில் எல்லோரும் உரக்க வாசிப்பார்கள்; மெதுவான பாடலிலும் மூன்று தட்டு வால்ட்ஸிலும் தாமாகவே அடங்குவார்கள். கேட்கவேண்டும் என்று ஆசைப்படும் கிதார்காரர் வேகப்பாட்டில் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு, மெதுவான பாட்டில் கண்ணைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். முறை வேண்டாம் என்று தலையசைப்பது குறையே இல்லை.

பாட்டின் சுருதியை வைத்துக் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி, போடவேண்டும். ஜி சுருதிக்கான கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) வடிவங்களை வைத்துக்கொண்டு ஏ வேண்டுமென்றால் இரண்டாம் ஃப்ரெட், உச்சக்குரல் ஆண்கள் விரும்பும் பி வேண்டுமென்றால் நாலாம் ஃப்ரெட். டி மெட்டுகளுக்குப் பலர் சி வடிவத்தை இரண்டாம் ஃப்ரெட்டுக்கு ஏற்றுவார்கள். கேப்போவை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் போட்டு, போட்ட பிறகு சுருதி பார்க்கவேண்டும். முன்பே பார்த்து வைத்தது கேப்போ அழுத்தியதும் சற்றே மேலே போயிருக்கும். பேஞ்சோக்காரர் தன் ஐந்தாம் தந்தியையும் தனியாக ஏற்றவேண்டியிருக்கும். அவர் தலை நிமிரும்வரை பாட்டைத் தொடங்காதீர்கள். இன்னொன்று: பாட்டுத் தெரியாதவர்கள் எல்லோரும் கிதாரின் இடதுகையைப் பார்த்துத்தான் கார்டு பிடிக்கிறார்கள். தாளை வைத்து மறைக்காமல், கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்காமல், கை தெரிய நில்லுங்கள்.

நாலு கிதார் சேர்ந்துவிட்டால்? நாலு பேரும் ஒரே வடிவத்தில் ஒரே ஸ்ட்ரம் அடித்தால் தட்டின் விளிம்பு மழுங்கி, மாண்டலின் வெட்டு சேற்றில் புதையும். ஒருவர் முழு ரிதம் பிடிக்கட்டும். ஒருவர் கேப்போ ஏற்றி வேறு வடிவத்தில் 2, 4 மட்டும் தொடட்டும். மற்ற இருவரும் அந்தப் பாட்டுக்குக் கேட்கட்டும், அடுத்த பாட்டுக்கு மாறிக்கொள்ளட்டும்.

ரிதம் பிடிப்பவரின் உண்மையான சோதனை ‘பிளாக்பெர்ரி பிளாசம்’ போன்ற மெட்டில். முதல் பாதியில் இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு: ஜி, டி, சி, ஜி, மறுபடி சி, ஜி, பிறகு ஏ, டி. ஒரு கார்டுக்கு ஒரு பேஸ் சுரம், ஒரு ஸ்ட்ரம், அவ்வளவுதான் கிடைக்கும். இரண்டு பேஸ் சுரங்களை மாறிமாறி வாசிக்கும் மாற்றுப் பேஸ் என்ற பழக்கத்துக்கு இங்கே இடமில்லை; அந்த ஒரே பேஸ் கார்டின் ஆதார சுரமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் மெட்டு அந்தரத்தில் தொங்கும். சி கார்டுக்குப் போகாமல் ஜியிலேயே நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. இரண்டாம் பாதி ஈ மைனரில் வெகுநேரம் நிற்கும். முதல் பாதியில் மூச்சுவாங்கிய கை அங்கே தளர்ந்து வேகம் குறையும். கால் தட்டுவதை நிறுத்தாதீர்கள்.

1971ல் நாஷ்வில்லில் ஒரு கூட்டுப் பதிவுக்காக டாக் வாட்சனும் கிதார்காரர் மெர்ல் டிராவிஸும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்ததே டிராவிஸ் நினைவாகத்தான் என்று டாக் அவரிடம் சொல்வது இசைத்தட்டிலேயே இருக்கிறது. ஒருவர் வாசித்ததை மற்றவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பேச்சிலேயே தெரியும். வட்டத்தில் நிற்க வருபவர் முதலில் அதைக் கேட்கவேண்டும்.

கடைசியாகக் கணக்கு ஒன்று. பேஸைத் தவிர ஆறு பேர். ஆளுக்கு 32 பார் (நாலு தட்டு ஒரு பார்) மெட்டு ஒருமுறை. மேலே சொன்ன வேகத்தில் ஒரு பார் ஒரு விநாடி. மொத்தம் 3 நிமிடம் 12 விநாடி. ஒரு கிதார்காரருக்கு லீட் 32 விநாடி, ரிதம் 2 நிமிடம் 40 விநாடி. ஜாம்கள் குலைவது அந்த 32 விநாடிக்குள் அல்ல, அதன் இரு ஓரங்களில். தொடக்கத்தில், மெட்டின் எடுப்புச் சுரங்கள் முந்தைய பாரின் கடைசித் தட்டுகளிலேயே தொடங்குவதால் ரிதம் ஒரு கணம் முன்பே நின்றுபோகும். அங்கே ஒரு பள்ளம் விழும். அதை மற்றக் கிதார் தாங்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே கண்ணால் பேசிவைத்திருக்க வேண்டும். முடிவில், நன்றாக வாசித்துவிட்ட நிம்மதியில் கை ஒரு தட்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். அந்த ஒரு தட்டில் பேஸ் தனியாக நிற்கும், பிடில் எங்கே நுழைவது என்று தேடும். ஆகவே 32 பார் மெட்டுக்கு முப்பது பார் மட்டும் தயார்செய்யுங்கள். மீதி இரண்டில் ஜி ரன்னைப் போட்டு, அதன் கடைசிச் சுரத்தை அடுத்தவருக்கான முதல் பேஸ் சுரமாகவே விழவிடுங்கள், வலதுகை நிற்காமல், தலையை மட்டும் பக்கத்தில் நிற்பவர் பக்கம் திருப்பி.